சராசரியில் மூழ்கும் வயல்கள்: காவிரி டெல்டாவும் செயற்கை நுண்ணறிவின் பாரபட்சமும்

டெல்டாவில் சம்பா நெல் வளரும் மாதங்களும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களும் ஒன்றே. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து வானத்தை மேகம் மூடிக்கிடக்கும். பயிர் எப்படி இருக்கிறது என்று மேலிருந்து படமெடுக்கும் சாதாரணக் கேமரா செயற்கைக்கோளுக்கு அந்த நாட்களில் கிடைப்பது பெரும்பாலும் மேகத்தின் படம். பயிர் மூழ்குவதும் அதே நாட்களில்தான்.

இது ஏன் முக்கியம் என்றால், பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2023இல் ஒரு மாற்றம் வந்தது. நெல்லுக்கும் கோதுமைக்கும் மகசூலைக் கணக்கிடும்போது குறைந்தது 30 சதவீத எடையைத் தொலையுணர்வு மதிப்பீட்டுக்கு, அதாவது செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு செய்யும் மதிப்பீட்டுக்கு, கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. மீதி பழைய முறைதான்: தேர்ந்தெடுத்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்ப்பது. செயற்கைக்கோள் படத்தைக் கிலோக் கணக்காக மாற்றும் வேலையைக் கணினி மாதிரிகள் செய்கின்றன. அவற்றில் பல, கடந்த ஆண்டுகளின் படங்களையும் அறுவடைச் சோதனை முடிவுகளையும் பார்த்துத் தாமாகக் கற்றுக்கொள்பவை. இழப்பீடு வருமா வராதா என்ற முடிவில் இப்படி ஒரு கணினிக்கும் பங்கு வந்துவிட்டது.

மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள்களும் இருக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து பல ஆண்டுகளாகவே ரேடார் படங்களைக் கொண்டு நெல் பரப்பைக் கணக்கெடுத்து வருகிறது; இந்தத் துறையில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ரேடாருக்கும் தனிச் சிக்கல்கள் உண்டு. உலகம் முழுவதும் இலவசமாகப் பயன்படுத்தும் ஐரோப்பிய சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள்கள் இரண்டில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதாகிப்போனது. அதன் இடத்துக்கு இன்னொன்று 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. இடையில் இருந்த ஒற்றைச் செயற்கைக்கோள் ஒரே பாதைக்குத் திரும்பிவர 12 நாள் ஆகும். பன்னிரண்டு நாளில் வெள்ளம் வந்து, நின்று, வடிந்தே போய்விடும். அழுகிய பயிர் மட்டும் கிடக்கும். அதோடு, நெல் வயலில் தண்ணீர் நிற்பது இயல்பு. பாய்ச்சிய தண்ணீர் எது, ஏறிய வெள்ளம் எது என்று மேலிருந்து பிரித்தறிவது மற்ற பயிர்களைப் போல எளிதில்லை.

அளவும் ஒரு சிக்கல். டெல்டாவில் இன்றும் மா கணக்கில்தான் பேசுகிறோம். ஒரு மா என்பது நூறு குழி, ஏறக்குறைய 1,340 சதுர மீட்டர். சாதாரணக் கேமரா வைத்த சென்டினல்-2 செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். எனவே ஒரு மா நிலம் அந்தப் படத்தில் பதின்மூன்று புள்ளிகள். அவற்றில் ஓரத்துப் புள்ளிகள் வரப்பையும், வாய்க்காலையும், பக்கத்து வயலையும் கலந்து வாங்கிக்கொள்ளும். ஐந்து வேலி வைத்திருப்பவரின் நிலத்தைக் கணினி நன்றாகப் பார்க்கும். இரண்டு மா குத்தகைக்கு எடுத்தவரின் நிலத்தை மங்கலாகத்தான் பார்க்கும். இரண்டு பேருக்கும் ஒரே செயற்கைக்கோள், ஒரே கணினி மாதிரி, ஒரே விதி. விதி ஒன்றாக இருந்தும் தவறு ஒன்றாக இல்லை.

செயற்கை நுண்ணறிவின் பாரபட்சம் என்று ஆய்வாளர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். எவரும் எவரையும் ஒதுக்க வேண்டும் என்று நினைத்து நிரல் எழுதியிருக்க வேண்டியதில்லை. நெல்லைத் தூற்றும்போது பதர் காற்றடிக்கும் திசையில் போய் விழுவதைப் போல, கணினியின் தவறுகள் ஒரு பக்கமாகவே போய் விழுகின்றன. அந்தப் பக்கத்தில் நிற்பவர்கள் எப்போதும் ஏறக்குறைய அதே ஆட்களாக இருக்கிறார்கள் என்பதுதான் பேசவேண்டிய விஷயம்.

தொண்ணூற்று நான்கு சதவீதத்தில் என்ன ஒளிந்திருக்கிறது

இப்படிப்பட்ட ஏற்பாடுகளை விற்க வருபவர்கள் முதலில் காட்டுவது துல்லியத்தின் சதவீதம். கணக்குக்காக ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். நூறு சாகுபடியாளர்கள், எண்பது பேர் பட்டாதாரர்கள், இருபது பேர் குத்தகைக்காரர்கள். ஒரு மாதிரி ஆறு பேர் விஷயத்தில் மட்டும் தவறுகிறது. துல்லியம் 94 சதவீதம். பத்திரிகைச் செய்திக்குப் போதும். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் பட்டாதாரர்கள், நான்கு பேர் குத்தகைக்காரர்கள் என்று வைத்துக்கொண்டால்? பட்டாதாரருக்குத் தவறு 2.5 சதவீதம். குத்தகைக்காரருக்கு 20 சதவீதம். எட்டு மடங்கு வேறுபாடு அந்த 94க்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

கற்பனைக் கணக்கை விட்டு உண்மைக்கு வருவோம். 2018இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இரு ஆய்வாளர்கள் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆப்பிரிக்க, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் 1,270 படங்கள். வெளிர்நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கவே முடியாது. பிரித்துப் பார்த்ததால் தெரிந்தது. அவர்கள் செய்த பெரிய காரியம் அந்தப் பிரித்துப் பார்த்தல்தான்.

சராசரியின் இந்த வேலை டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. பயிர்க் காப்பீட்டில் அலகு பெரும்பாலும் வருவாய் கிராமம். கிராமத்தின் சராசரி மகசூல் குறைந்தால் எல்லோருக்கும் இழப்பீடு. குறையாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. மேட்டு வயல்கள் தப்பித்து, வடிகால் ஓரத்துப் பள்ள வயல்கள் மட்டும் மூழ்கினால் சராசரி நன்றாகவே வரும். பள்ள வயலைக் குத்தகைக்கு எடுப்பவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. கணினி வருவதற்கு முன்பே இருந்த இந்த அநியாயத்தைக் கணினியால் குறைக்கவும் முடியும்: வயல் வயலாகப் பார்க்கும் திறன் அதற்கு உண்டு. அந்தத் திறனைக் கொண்டுபோய் மறுபடியும் கிராமச் சராசரிக்குள் கரைப்பது தொழில்நுட்பத்தின் குற்றமாகாது. அது கொள்கையின் தேர்வு.

பதிவேட்டில் இல்லாத உழவர்

மாதிரிகள் தரவிலிருந்து கற்கின்றன. டெல்டாவின் தரவு எது? சிட்டா, அடங்கல், கூட்டுறவு சங்கத்தின் கடன் பேரேடு, கொள்முதல் நிலையத்தின் பட்டியல். இவற்றில் எதிலும் வாய்மொழிக் குத்தகைக்காரர் ஒழுங்காக இருப்பதில்லை. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது; ஆனால் பதிவு செய்துகொண்டால் குத்தகைக்காரரை எழுப்ப முடியாதே என்று அஞ்சும் உரிமையாளரும், பதிவு கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதே என்று அஞ்சும் குத்தகைக்காரரும் இருக்கும்வரை, உழுபவர் ஒருவர், அடங்கலில் இருப்பவர் வேறொருவர் என்ற நிலை தொடரத்தான் செய்யும்.

பி.எம். கிசான் திட்டத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய். 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அந்தக் குடும்பத்துக்கு. சென்னையிலிருந்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர் மற்ற விலக்குகளில் சிக்காவிட்டால் அந்தத் திட்டத்தின் கண்ணில் விவசாயி. அவருடைய நிலத்தில் இருபது ஆண்டாக நாற்று விடுபவர் இல்லை. நாளைக்கு இந்தப் பட்டியலை எடுத்து "விவசாயி யார்" என்று ஒரு கணினிக்குக் கற்றுக்கொடுத்தால், அது இதே பாடத்தைத்தான் படிக்கும்.

கடன் தரவின் கதை இன்னும் வேடிக்கையானது. கடனைத் திருப்பிச் செலுத்துவாரா என்று கணிக்கும் மாதிரிக்குப் பழைய கடன் கணக்குகள் வேண்டும். கடனே கொடுக்கப்படாத குத்தகைக்காரர் அந்தக் கணக்கில் "கட்டாதவர்" என்றுகூட இருக்கமாட்டார், இருக்கவே மாட்டார். கந்துவட்டிக்கு வாங்கி ஒவ்வொரு போகத்திலும் ஒழுங்காகக் கட்டிய வரலாறு எந்தக் கணினியிலும் ஏறவில்லை. கணக்கில் இருப்பவர்களின் வரலாறும் நேரானதல்ல. 2021 பிப்ரவரியில் கூட்டுறவு சங்கங்களில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் 2016இலும் 2006இலும் தள்ளுபடிகள் வந்தன. மேட்டூர் ஜூன் 12இல் திறந்த ஆண்டு எது, திறக்காத ஆண்டு எது, கஜா அடித்த 2018 எது, தேர்தல் ஆண்டு எது என்று தெரியாமல் இந்தப் பேரேட்டைப் படிக்கும் கணினி, மழையின் குணத்தையும் அரசியலின் குணத்தையும் சேர்த்து மனிதரின் குணமாக எழுதிவிடும்.

அமெரிக்காவில் மருத்துவத் துறையில் நடந்தது இதற்கு நல்ல பாடம். எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று சொல்லும் ஒரு மென்பொருளை ஜியாட் ஓபர்மெயரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். அந்த மென்பொருள் நோயின் அளவை அளக்கவில்லை; நோயாளிக்காகச் செலவான பணத்தை அளந்தது. அதே அளவு நோய் இருந்தாலும் கறுப்பினத்தவருக்குச் செலவழிக்கப்பட்டது குறைவு. ஆகவே அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று கணினி முடிவு செய்தது. அந்தக் கோணலைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பின நோயாளிகளின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வு காட்டியது. அந்த மென்பொருள் இனத்தைக் கேட்கவே இல்லை. அளக்க வேண்டியதை விட்டுவிட்டு, அளக்க எளிதாக இருந்ததை அளந்தது, அவ்வளவுதான்.

"சாதி என்ற பத்தியே இல்லையே?"

பாரபட்சம் பற்றிப் பேசினால் மென்பொருள் ஆட்கள் தரும் முதல் பதில் இது. படிவத்தில் சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, பிறகெப்படிப் பாரபட்சம் வரும்? டெல்டாவில் ஓர் ஊருக்குள் நடந்து பார்த்த எவரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். தெருப் பெயரே போதும். அக்கிரகாரம், குடியானத் தெரு, காலனி என்று ஊர் பிரிந்து கிடக்கும் இடத்தில் முகவரி என்பது சாதிச் சான்றிதழின் இன்னொரு நகல். கைப்பேசியின் இருப்பிடத் தகவலைக் கணினிக்குக் கொடுத்தால், கேட்காமலேயே கொடுத்த மாதிரி.

தெருவையும் மறைத்துவிட்டால்? அப்போதும் காலம் காட்டிக்கொடுக்கும். கீழத்தஞ்சையில் 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பின் அங்கே வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் எஸ்.ஜெகந்நாதனும் 1981இல் லாஃப்டி என்ற உழுபவர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலமற்ற ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்கு, பெண்களின் பெயரிலேயே, நிலம் கிடைத்தது. அந்தக் குடும்பங்களின் பட்டா வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. மூன்று தலைமுறை மிராசு வீட்டின் கணக்கு அதற்கு முன்பே நூறாண்டு ஓடியிருக்கிறது. "நில உரிமை எத்தனை ஆண்டு பழமையானது", "கடன் வரலாறு எவ்வளவு நீளம்" என்று இரண்டு அப்பாவிக் கேள்விகளை ஒரு மாதிரி கேட்டால் போதும். சாதியை அது கேட்டுவிட்டது. பத்தியை நீக்குவதால் பாரபட்சம் போவதில்லை. சோதித்துப் பார்க்கும் வழிதான் போய்விடுகிறது, ஏனென்றால் எந்தப் பிரிவினர்மீது தவறு விழுகிறது என்று பார்க்க அந்தப் பத்தி வேண்டும். இது கசப்பான முரண். தனியுரிமையைக் காக்க வேண்டும் என்பவர்களுக்கும் பாரபட்சத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பவர்களுக்கும் இடையில் இதனால் ஒரு நிஜமான இழுபறி இருக்கிறது.

நித்யா சம்பாசிவனும் சக ஆய்வாளர்களும் 2021இல் எழுதிய கட்டுரை இந்தியாவைப் பற்றி இன்னும் அடிப்படையான ஒன்றைச் சொன்னது: கணினி எல்லோரையும் சமமாக நடத்துகிறதா என்று பார்க்க மேற்கில் உருவான நேர்மைச் சோதனைகள், தரவு மனிதர்களை ஓரளவு சரியாகக் காட்டுகிறது என்று எடுத்துக்கொண்டு தொடங்குகின்றன. இங்கே அந்தத் தொடக்கமே ஆட்டம் காண்கிறது. அடங்கலைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எந்த நேர்மை?

சரி, பிரித்துப் பார்த்துக் கோணலைச் சரிசெய்துவிடலாமே என்றால், அங்கே கணிதம் குறுக்கே நிற்கிறது. மறுபடியும் ஒரு கணக்கு. கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கல்லணைக்குப் பக்கத்தில் தலைமடை ஊர் ஒன்று, வேதாரண்யம் பக்கம் கடைமடை ஊர் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் நூறு பேர் கடன் கேட்கிறார்கள். தண்ணீர் முதலில் வரும் தலைமடையில் பத்து பேருக்குக் கடனைக் கட்ட முடியாமல் போகும். தண்ணீர் கடைசியில் வந்து, வெள்ளம் முதலில் ஏறும் கடைமடையில் முப்பது பேருக்கு அப்படி ஆகும். ஒரு மாதிரி "ஆபத்தானவர்" என்று சிவப்புக் குறி போடுகிறது. தலைமடையில் பத்து பேருக்குக் குறி. அவர்களில் ஆறு பேர் உண்மையாகவே கட்டவில்லை. கடைமடையில் முப்பது பேருக்குக் குறி. அவர்களில் பதினெட்டு பேர் கட்டவில்லை.

வங்கி சொல்லும்: எங்கள் குறி இரண்டு ஊரிலும் 60 சதவீதம் சரி, கட்டாதவர்களில் இரண்டு ஊரிலும் 60 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தோம், பாரபட்சமே இல்லை. கடைமடைக்காரர் சொல்வார்: ஒழுங்காகக் கட்டக்கூடிய எழுபது பேர் எங்கள் ஊரில் இருந்தோம், எங்களில் பன்னிரண்டு பேரை, அதாவது 17 சதவீதத்தினரை, ஆபத்தானவர் என்று ஒதுக்கினீர்கள், தலைமடையில் அப்படி ஒதுக்கப்பட்டது தொண்ணூறு பேரில் நான்கு பேர், நாலரை சதவீதம்கூட இல்லை. இருவர் சொல்வதும் உண்மை.

இதே சண்டை அமெரிக்காவில் உண்மையாகவே நடந்தது. கைதானவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று கணிக்கும் காம்பஸ் என்ற மென்பொருளைப் பற்றி புரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2016இல் எழுதியது. ஃபுளோரிடாவின் பிரோவர்ட் மாவட்டத்தில், மீண்டும் குற்றம் செய்யாத கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம் பேரை அது ஆபத்தானவர் என்று குறித்திருந்தது, வெள்ளையரில் 23.5 சதவீதம். உருவாக்கிய நிறுவனம் எங்கள் மதிப்பெண் இரு இனத்தாருக்கும் ஒரே பொருள் தருகிறது என்று வாதாடியது. இரு குழுக்களின் அடிப்படை விகிதம் (நம் கணக்கில், உண்மையில் கட்ட முடியாமல் போனவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது) வேறுபட்டால், மாதிரி பிழையே இல்லாததாக இருந்தாலொழிய, இந்த இருவகை நேர்மையையும் ஒரே நேரத்தில் அடைய முடியாது என்று ஜான் கிளைன்பெர்க் குழுவினரும் அலெக்ஸாண்ட்ரா சோல்டெகோவாவும் தனித்தனியே நிறுவினார்கள்.

இதைக் கேட்டு, "பார், கணிதமே முடியாது என்கிறது" என்று கைகழுவுபவர்களும் உண்டு. எனக்கு அது தப்பித்தலாகத்தான் படுகிறது. எந்த நேர்மையைத் தேர்வது என்பது கணினிக்கு விடப்பட்ட கேள்வியல்ல. ஊருக்கு விடப்பட்ட கேள்வி என்றுதான் அந்த நிறுவல்கள் சொல்கின்றன. கடைமடையில் முப்பது பேர் கட்ட முடியாமல் போவதற்கு அவர்களின் நாணயக் குறைவு காரணமில்லை, தூர்வாராத வடிகால் காரணம் என்றால், அந்த முப்பதை இயற்கை நியதி போல எடுத்துக்கொண்டு மாதிரி கட்டுவதே முதல் தவறு.

வகுத்தல் கணக்கில் வந்த கடன்

சராசரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் விவகாரத்தைவிடச் சிறந்த சாட்சி இல்லை. அரசின் உதவித்தொகை வாங்குபவர்களின் ஆண்டு வருமானத்தை எடுத்து, இருவார இருவாரமாகச் சமமாக வகுத்து, "இந்த வாரங்களில் உங்களுக்கு வருமானம் இருந்திருக்கிறது, வாங்கிய உதவியைத் திருப்பிக் கொடுங்கள்" என்று 2016 முதல் தானாகவே கடிதங்கள் போயின. இதில் செயற்கை நுண்ணறிவு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை; பள்ளிப் பிள்ளையின் வகுத்தல். ஆனால் விட்டுவிட்டு வேலை கிடைப்பவர்களின் வருமானம் அப்படிச் சமமாக வருவதில்லை. கடனில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. இறுதியில் 2020இல் சுமார் 4.7 லட்சம் கடன்களுக்கான 72 கோடி டாலர் அளவிலான பணத்தைத் திருப்பித் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. 2023இல் விசாரணை ஆணையம் அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

நடவுக்கும் அறுவடைக்கும் மட்டும் கூலி வரும் டெல்டாவின் பெண் தொழிலாளியின் வங்கிக் கணக்கை அதே வகுத்தலில் போட்டுப் பாருங்கள். ஜனவரியில் பணம், ஏப்ரலில் ஒன்றுமில்லை. சராசரியில் பார்த்தால் அவருக்கு உதவி தேவையில்லை. ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால் அவருக்குக் கடன் கொடுக்க முடியாது. இரண்டு கணினியும் சேர்ந்து ஒரே ஆளை இரண்டு கதவிலும் நிறுத்தும்.

இந்தியாவுக்குள் தெலங்கானா இருக்கிறது. சமக்ர வேதிகா என்ற மென்பொருள் பல துறைகளின் தரவை இணைத்து, தகுதியில்லாத ரேஷன் அட்டைதாரர்களைக் கண்டுபிடிக்கப் பயன்பட்டது. கார் வைத்திருக்கிறார் என்று அட்டை பறிக்கப்பட்ட ஒரு மூதாட்டியின் கணவர் உண்மையில் ரிக்‌ஷா இழுத்தவர். பெயர் ஒத்துப்போன வேறொருவரின் கார் அவர் கணக்கில் ஏறிவிட்டது. நீக்கப்பட்ட அட்டைகளை நேரில் சரிபார்க்கும்படி 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

பெயர் ஒப்பிடுதல் தமிழ்நாட்டில் இன்னும் வம்பான வேலை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முன்னெழுத்துதான். ஆதாரில் தந்தை பெயர் விரிந்து பின்னால் நிற்கும், பட்டாவில் முன்னெழுத்து முன்னால் நிற்கும், வங்கிப் புத்தகத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். முதற்பெயர், கடைப்பெயர் என்ற அமைப்புக்காக எழுதப்பட்ட மென்பொருளுக்கு இந்த மூவரும் மூன்று ஆட்கள். அதேபோல, ரேஷன் கடையில் கைரேகைக் கருவி எல்லோருக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைக்கிறது. நாற்றுப் பறித்தும் களையெடுத்தும் தேய்ந்த விரல்களுக்கு அந்த அளவுகோல் கூடுதல் கடினம். கண்விழிப் பதிவு வந்த பிறகு சிரமம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மொழியிலும் இதே கதை, ஆனால் இங்கே முன்னேற்றம் தெரிகிறது. மொழி மாதிரிகள் வாக்கியத்தைத் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும். துண்டு கூடினால் செலவு கூடும், நினைவில் அடங்குவது குறையும். 2024இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது கொடுத்த எடுத்துக்காட்டில், முந்தைய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டாக இருந்த வாக்கியம் தமிழில் 116 துண்டாக இருந்தது. புதிய முறையில் அது 24க்கு 35 ஆகிவிட்டது. நான்கு மடங்குக்கு மேலிருந்த சுமை ஒன்றரை மடங்காகக் குறைந்தது. மனது வைத்தால் சரிசெய்யக்கூடிய பாரபட்சங்கள் இருக்கின்றன என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பி.எம். கிசான் திட்டத்துக்கென 2023இல் வந்த உரையாடல் செயலியும் தமிழில் பதில் சொல்கிறது. நாகப்பட்டினத்துப் பேச்சுவழக்கில் கேட்டாலும் அது சரியாகப் புரிந்துகொள்கிறதா என்பதைப் பேச்சுவழக்கு வாரியாகச் சோதித்து வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

மனிதர் மட்டும் யோக்கியமா?

இல்லைதான். 2020இல் தமிழ்நாட்டில் பி.எம். கிசான் திட்டத்தில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோரின் பெயரைச் சேர்த்து 110 கோடி ரூபாய்க்கு மேல் பணம் போனது மனிதர்கள் செய்த காரியம். இடைத்தரகர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் அகப்பட்டார்கள். அறுவடைச் சோதனைக்கு எந்த வயல் என்பதில் செல்வாக்கு நுழையப் பார்ப்பதும் ஊரறிந்தது. கணினி லஞ்சம் கேட்காது, தெருப் பார்த்துக் குரலை மாற்றாது. இந்த நன்மையைக் குறைத்துப் பேசுவதில் பயனில்லை.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கிராம நிர்வாக அலுவலர் தவறு செய்தால் ஒரு கிராமம் பாதிக்கப்படும். போய் நின்று சண்டை போட ஓர் அறையும் ஒரு நாற்காலியும் இருக்கும். மாதிரி தவறு செய்தால் ஒரே மாதிரியான தவறு ஒரே நாளில் நான்கு மாவட்டத்திலும் நடக்கும். இ-சேவை மையத்துப் பெண் "சிஸ்டம் எடுக்கவில்லை, அண்ணா" என்று மட்டும்தான் சொல்ல முடியும். அவருக்கும் காரணம் தெரியாது.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் காகிதத்தில் முன்னோடி. பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையை மாநிலம் 2020இலேயே வெளியிட்டது. அரசு பயன்படுத்தும் இத்தகைய ஏற்பாடுகளைப் பன்மை, நேர்மை, தனியுரிமை, தணிக்கை போன்ற கோணங்களில் மதிப்பிட டீப்-மேக்ஸ் என்ற மதிப்பெண் அட்டையும் அதில் உண்டு. அந்த மதிப்பெண்கள் திட்டம் வாரியாக, மாவட்டம் வாரியாக ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டால் கொள்கைக்கு உயிர் வரும்.

அதுவரை கையில் இருக்கும் கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 4(1)(ஈ) பிரிவு, நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. முடிவைக் கணினி எடுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை என்று அதில் விலக்கு ஏதும் இல்லை. காப்பீட்டு நிறுவனம் தனியாருடையதாக இருந்தால் அதை நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் அரசு அலுவலகம் சட்டப்படி அதனிடமிருந்து பெறக்கூடிய தகவலை வேளாண்மைத் துறை வழியே கேட்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் இதை மனுவாக வைக்கலாம். கேட்க வேண்டியவை சில: எங்கள் கிராமத்தின் மகசூல் எண்ணில் செயற்கைக்கோள் மதிப்பீட்டின் பங்கு எவ்வளவு, அந்தப் படங்கள் எந்தெந்தத் தேதியில் எடுக்கப்பட்டவை, அதே பருவத்தில் அறுவடைச் சோதனை காட்டிய எண் என்ன, இரண்டுக்கும் இடைவெளி கடைமடைக் கிராமங்களில் எவ்வளவு, தலைமடையில் எவ்வளவு. சர்வே எண்ணையும் பருவத்தையும் குறிப்பிட்டுத் தகவல் உரிமை மனுவாகப் போட்டால் பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு.